அறிஞர் சபையின் செயலாளர்

கற்றோர் கூடிய சபையைக் கட்டிக்காப்பது எளிதன்று. ஒன்றனை முதலிற் கண்டவர் எவர் என்ற வினா எழுந்துவிடின், பழுத்த அறிஞரும் பகைவராவர். 1660 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28 ஆந் திகதி இலண்டன் கிறெசம் கல்லூரியில் தோன்றிய றோயல் சங்கமும் இத்தொல்லைக்கு விலக்காகவில்லை.

அச்சங்கத்துக்கு 1662 இல் அமைந்த செயலாளர் இருவருள் ஒருவர் ஹென்றி ஒல்டன்பேர்க். அவர் ஆங்கிலேயர் அல்லர். சேர்மனியின் பிறேமன் நகரத்தவர். விஞ்ஞானத்தில் அவர் புதிதாக ஒன்றுங் கண்டாரல்லர். பன்மொழிப் புலமையும் கடிதம் எழுதும் ஆற்றலுமே அவரது முதல். அக்காலத்து அறிஞர், பிறர் கவர்ந்துவிடுவரோ என்றஞ்சித் தம் கண்டுபிடிப்புக்களை எழுத்து மாற்றிப் புதிராக எழுதி மறைத்து வைப்பர். ஒல்டன்பேர்க் வந்த கடிதங்களைத் திகதியிட்டுப் பதிந்தார். 1665 மார்ச்சு 6 இல் தம் சொந்தப் பொறுப்பில் ஒரு சஞ்சிகையையும் தொடங்கி அவற்றை அச்சிட்டார். அச்சேறிய திகதி உரிமைக்குச் சான்றாகவே, அறிஞர் வாய்திறந்தனர். இலத்தீன் அறியாத டெல்ப்ற் நகரத்துத் துணிவணிகர் லீவன்ஹூக்கின் நுணுக்குக்காட்டி ஆராய்ச்சிகளும் 1673 முதல் இவ்வழியே உலகறிந்தன.

இப்பணிக்கு அவர் பெற்ற கைம்மாறு சிறிது. ஒல்லாந்தருடன் போர் நிகழ்ந்த 1667 இல், அவரது வெளிநாட்டுக் கடிதங்களை அரசினர் ஐயுற்றனர். இரண்டு மாதங்கள் வரை அவர் இலண்டன் கோபுரத்திற் சிறையிருந்தார்.

1672 இல் நியூற்றன் ஒளியையும் நிறங்களையும் பற்றிய தம் ஆராய்ச்சியை அனுப்பினார். ரொபேட் ஹூக் அதனை வன்மையாக மறுத்தார். நியூற்றனோ மறுப்பைத் தாங்கும் மனத்தினரல்லர். ஒல்டன்பேர்க் நியூற்றனின் கட்டுரையை அச்சிட்டார். ஹூக்கின் மறுப்பைச் சஞ்சிகையிற் சேர்க்கவில்லை. விடையெழுதும்போது எதிராளியின் பெயரைச் சுட்டாது பொருளை மட்டும் பேசுமாறு நியூற்றனுக்கு எழுதினார். (இவ்வறிவுரையை நியூற்றன் கேட்டாரல்லர்.) 1673 இல் சங்கத்தைவிட்டு விலகுவதாக நியூற்றன் எழுதியபோது, செயலாளர் வாதாடவில்லை, வாரம் ஒரு சிலிங் சந்தாவைத் தள்ளுபடி செய்விக்கலாம் என்று இதமாக மறுமொழி விடுத்தார். நியூற்றன் சங்கத்தில் நிலைத்தார்.

ஆயின், ஒருவரைத் தணிவித்தால் மற்றவர் கொதிப்பர். 1675 இல் ஹைகன்சு சுருள்வில் கடிகாரத்தை அறிவித்தார். அது தாம் முன்னரே கண்டது என்றும், ஒல்டன்பேர்க்கே மறைபொருளை வெளிநாட்டுக்கு விற்றவர் என்றும் ஹூக் குற்றஞ்சாட்டினார். ஆங்கில உரிமத்தை ஒல்டன்பேர்க்குக்கோ சங்கத்துக்கோ விட்டுக்கொடுக்க ஹைகன்சு முன்வந்திருந்தமை ஐயத்தை வளர்த்தது. அதனை ஒல்டன்பேர்க் ஏற்க முயன்றது விவேகமன்று எனல் தகும். எனினும் 1676 இல் சங்க மன்றம் அவர் பக்கமே நின்றது.

1677 செத்தெம்பரில் அவர் காலமானார். செயலாளர் பதவிக்குத் தெரிவானவருள் ஒருவர் ஹூக். சஞ்சிகை சில ஆண்டுகளில் நின்றது. 1683 இலேயே மீண்டும் வெளிவந்தது.