ஒரே பெயரில் இரண்டு சுருட்டுகள்

'கோஹிபா' என்ற பெயரில் உலகில் இரண்டு சுருட்டுகள் விற்பனையாகின்றன. ஒன்று கியூபாவில் செய்யப்படுவது. மற்றொன்று டொமினிக்கன் குடியரசில் செய்யப்பட்டு அமெரிக்காவில் விற்கப்படுவது. பெயரைத் தவிர இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. மாண்டெகிறிஸ்டோ, பார்ட்டகாஸ், எச். உப்மான், ரோமியோ ஒய் ஹூலியெத்தா ஆகிய புகழ்பெற்ற பெயர்களின் கதையும் இதேதான். பங்காளிச் சண்டையில் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்புவதைப் போல, ஒரு புரட்சி இந்தப் பெயர்களை இரண்டாகப் பிரித்தது.

1492ல் கொலம்பஸ் கியூபாவில் இறங்கியபோது, அவருடைய ஆட்கள் தைனோ பழங்குடியினர் இலைகளைச் சுருட்டிப் புகைப்பதைப் பார்த்தார்கள். அந்த வழக்கம் ஸ்பெயினுக்குப் போனது, பின்னால் காசானது. 1717ல் ஸ்பானிய அரசு புகையிலை வாங்கும் உரிமை முழுவதையும் தானே எடுத்துக்கொண்டது. விவசாயிகள் கிளர்ந்து எழுந்தார்கள். 1723ல் அவர்களில் சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். 1817ல்தான் அந்த ஏகபோகம் ஒழிந்தது. அதற்குப் பிறகே ஹவானாவில் தனியார் தொழிற்சாலைகள் பெருகின. 1844ல் உப்மான் என்ற ஜெர்மானியர் தொடங்கியதுதான் எச். உப்மான். அடுத்த ஆண்டே ஸ்பெயினின் கத்தலோனியாவிலிருந்து வந்த ஹைமே பார்ட்டகாஸ் தன் பெயரிலேயே ஒரு தொழிற்சாலை ஆரம்பித்தார். 1868ல் அவர் கொலை செய்யப்பட்டார், ஆனால் அவர் பெயர் மட்டும் இன்னும் பெட்டிகளின் மேல் இருக்கிறது. இன்றும் கியூபாவின் பார்ட்டகாஸ் என்றால் மண்வாசனையோடு கூடிய காரமான சுருட்டு என்றே புகைப்பவர்கள் சொல்வார்கள். உப்மான் அதைவிட மென்மையானது.

(இடையில் ஒரு சிறு செய்தி: ஆங்கிலத்தில் இரு முனையும் வெட்டிய சுருட்டைக் குறிக்கும் 'செரூட்' என்ற சொல் நம்முடைய 'சுருட்டு' தான்!)

கியூபத் தொழிற்சாலைகளில் ஓர் அபூர்வமான வழக்கம் இருந்தது. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்டிக்கொண்டிருக்க, உயரமான மேடையில் ஒருவர் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். இவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல, தொழிலாளர்கள்தான். எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்று முடிவு செய்ததும் அவர்களே. பிடித்திருந்தால் இலை வெட்டும் கத்தியை மேசையில் தட்டிப் பாராட்டுவார்கள். 1865ல் ஹவானாவில் தொடங்கிய இந்த வழக்கத்துக்கு அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆளுநர் தடை போட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட அரசியல் பேச ஆரம்பித்தால் எந்த ஆட்சிக்குத்தான் பிடிக்கும்? ஆனால் தடை நிலைக்கவில்லை. அமெரிக்காவின் டாம்பா நகரத்துக்குக் குடிபெயர்ந்த கியூபத் தொழிலாளர்கள் இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். கியூப விடுதலைப் போராட்டத் தலைவர் ஹோசே மார்த்தி 1891ல் அங்கே போய்ப் பேசியபோது, போராட்டத்துக்குப் பணம் கொடுத்தது இந்தச் சுருட்டுத் தொழிலாளர்கள்தான். 1931ல் டாம்பா முதலாளிகள் வாசிப்பவர்களை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் வானொலிப் பெட்டியை வைத்தார்கள். கியூபாவில் வாசிப்பு இன்றும் தொடர்கிறது. 1935ல் தோன்றிய மாண்டெகிறிஸ்டோ கூட அப்படித் தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட டூமாவின் நாவலிலிருந்து எடுத்த பெயர்தான் என்கிறார்கள்.

1959ல் ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்தார். 1960 செப்டம்பரில் சுருட்டுத் தொழிற்சாலைகள் அனைத்தும் அரசுடைமை ஆயின. மாண்டெகிறிஸ்டோவின் மெனெண்டெஸ் குடும்பமும் பார்ட்டகாஸை நடத்திவந்த சிஃபுவெண்டெஸ் குடும்பமும் நாட்டைவிட்டு வெளியேறின. தொழிற்சாலை போயிற்று, நிலம் போயிற்று. கையில் மிஞ்சியவை தொழில் அறிவும் பெயரும்தான். 1962 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபாவுடனான வர்த்தகத்துக்குத் தடை விதித்தார். கையெழுத்துப் போடும் முன் கென்னடி தன்னிடம் 1,000 கியூபச் சுருட்டுகள் வாங்கிவரச் சொன்னதாகவும், தான் 1,200 கொண்டுவந்து கொடுத்ததாகவும் அவருடைய பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சர் பின்னாளில் எழுதினார்.

பெயர் யாருக்குச் சொந்தம்? புரட்சி அரசு தனக்கே என்றது. அமெரிக்க நீதிமன்றங்கள், தங்கள் நாட்டுக்குள் அது பழைய உரிமையாளர்களுக்கே என்றன. அப்படித்தான் டொமினிக்கன் குடியரசில் இரண்டாவது மாண்டெகிறிஸ்டோவும் இரண்டாவது பார்ட்டகாஸும் பிறந்தன. பொதுவாக டொமினிக்கன் சுருட்டுகள் மென்மையானவை. கியூப மண்ணின் அழுத்தமான சுவையை எதிர்பார்த்து அவற்றைப் பற்றவைப்பவர்கள் ஏமாந்து போவார்கள்.

கியூபாவை விட்டு விலகியவர்கள் அகதிகள் மட்டுமல்ல. ஜெனீவாவின் டேவிடாஃப் நிறுவனம் கியூபாவில்தான் தன் சுருட்டுகளைத் தயாரித்துவந்தது. தரம் குறைந்துவிட்டது என்று சண்டை முற்றி, 1989ல் 1,30,000க்கும் மேற்பட்ட சுருட்டுகளைத் தீயிட்டுக் கொளுத்திவிட்டு டொமினிக்கன் குடியரசுக்கு மாறியது.

நிகராகுவாவின் கதை இன்னும் கசப்பானது. கியூப அகதி ஹோசே ஒர்லாண்டோ பத்ரோன், நண்பர் கொடுத்த சுத்தியலால் தச்சுவேலை செய்து 600 டாலர் சேர்த்து, 1964ல் மயாமியில் சுருட்டுத் தொழில் தொடங்கினார். 1970ல் உற்பத்தியை நிகராகுவாவுக்கு மாற்றினார். 1978ல் அங்கே நடந்த கிளர்ச்சியில் எஸ்தெலி நகரத் தொழிற்சாலை எரிந்து போனது. அதே ஆண்டு, கியூபச் சிறைகளில் இருந்த அரசியல் கைதிகளை விடுவிக்கக் காஸ்ட்ரோவிடம் பேசப் போன குழுவில் அவரும் இருந்தார். சுமார் 3,600 பேர் விடுதலை ஆனார்கள். ஆனால் காஸ்ட்ரோவிடம் அவர் ஒரு சுருட்டைக் கொடுக்கும் புகைப்படம் வெளிவந்ததும், மயாமியில் அவருடைய இடத்தில் பலமுறை குண்டு வைத்தார்கள்! வைத்தவர்கள் அவரைப் போன்ற கியூப அகதிகளே. 1985ல் அமெரிக்கா நிகராகுவாவுக்கும் தடை விதித்தது. அதையும் தாண்டி பத்ரோன் நிலைத்தது. மிளகுபோல் சுரீரென்று ஏறும் நிகராகுவா புகையிலையை உலகுக்குப் பழக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கோஹிபாவுக்கு வருவோம். புகையிலையைக் குறிக்கும் தைனோ சொல் அது. 1966ல் காஸ்ட்ரோவுக்காகவும் அவர் பரிசளிக்கும் தலைவர்களுக்காகவும் தொடங்கப்பட்டது. ஆக, இதற்குப் புரட்சிக்கு முந்தைய முதலாளி யாரும் இல்லை. கியூபா அமெரிக்காவில் பதிவு செய்வதற்கு முன்பே அங்கிருந்த நிறுவனம் ஒன்று 1981ல் பெயரைத் தன்னுடையதாகப் பதிந்துகொண்டது. 1997ல் கியூபா எதிர்த்து மனு செய்தது. 2022 டிசம்பரில், அதாவது 25 ஆண்டுகள் கழித்து, அமெரிக்க வர்த்தகச் சின்ன வாரியம் கியூபாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. அந்த நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. வர்த்தகத் தடை இருப்பதால், வழக்கில் ஜெயித்தாலும் கியூபா தன் கோஹிபாவை அங்கே விற்க முடியாது. பயணிகள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவர ஒபாமா அரசு கொடுத்த அனுமதியையும் 2020 செப்டம்பரில் டிரம்ப் அரசு ரத்து செய்துவிட்டது.