திருவல்லிக்கேணியிலிருந்து பாரிசுக்கு

போன வாரம் பேரன் கேட்டான்: "தாத்தா, சுதந்திரப் போராட்டம் நம்ம நாட்டு விஷயம். வெளிநாட்டுக்காரங்களுக்கு அதுல என்ன இருக்கு?" அம்பத்தூரில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் என் பழைய வெட்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். நெப்போலியனின் போர்களை வரிசையாக ஒப்பிப்பேன். தண்டி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. ஆவடியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது நண்பர்கள் என்னைப் 'பிரெஞ்சுக்காரர்' என்று கேலி செய்வார்கள். கோபம் வரும், ஆனால் மறுக்க முடியாது. காந்தியை நான் முதலில் படித்ததே பிரெஞ்சில்தான். ரொமேன் ரோலன் 1924-ல் வெளியிட்ட 'மகாத்மா காந்தி' என்ற நூலில். புதுச்சேரியில் பொது நூலகத்துக்கு அவர் பெயர்தான்.

ரோலன் 1915-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பிறகு எப்படி எழுதினார்? காந்தியின் 'யங் இந்தியா' கட்டுரைகளைத் தொகுத்து 1922-ல் வெளியிட்டவர் நம் திருவல்லிக்கேணி எஸ். கணேசன். ரோலனுக்கு ஆதாரமாக இருந்தவற்றில் அந்தத் தொகுப்பும் ஒன்று. அதை அறிந்த அன்று என் வெட்கம் பாதி குறைந்தது. சென்னையில் அச்சான எழுத்துதான் சுற்றிக்கொண்டு பிரெஞ்சில் என்னிடம் வந்திருக்கிறது!

பீத்தோவன் இசையில் ஊறிய மேடலின் ஸ்லேட், ஆங்கிலேயக் கடற்படைத் தளபதியின் மகள். ரோலன் சொல்லித்தான் அவர் காந்தியை அறிந்தார். 1925-ல் சபர்மதிக்கு வந்து மீரா பென் ஆனார். 1931 டிசம்பரில், வட்டமேஜை மாநாடு முடிந்து திரும்பும் வழியில், காந்தி சுவிட்சர்லாந்தில் ரோலனைச் சந்தித்தார். ரோலன் அவருக்குப் பியானோவில் பீத்தோவன் வாசித்துக் காட்டினார்.

1959-ல் மார்ட்டின் லூதர் கிங் சுமார் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றினார், சென்னைக்கும் வந்தார். 1980-ல் அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ், தென்னாப்பிரிக்கப் போராட்டத்தை வைத்து 'சத்யாகிரகா' என்ற இசை நாடகம் படைத்தார். மேல்நாட்டுப் பாடகர்கள் அதில் பாடுவது கீதையின் சமஸ்கிருத வரிகளை!

பேரனிடம் இவ்வளவும் சொன்னேன். "அந்தப் புத்தகம் இருக்கா தாத்தா?" என்றான். இருக்கிறது, அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஞாயிறுதோறும் இரண்டு பக்கம் தமிழில் சொல்லி வருகிறேன். நண்பர்களே, கேலி செய்த அந்தப் பிரெஞ்சு இப்போதுதான் வீட்டுக்கு உபயோகப்படுகிறது.