பதுக்கல்காரர் இல்லாத தட்டுப்பாடு

நான் பத்திரிகையில் இருந்த காலமெல்லாம், தட்டுப்பாடு என்றாலே பதுக்கல்காரர் மீதுதான் பழி விழும். எப்போதும் அது உண்மையல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபொரஸ்டர் 1958இலேயே இதை விளக்கினார். கடையில் விற்பனை சற்றுக் கூடினால், கடைக்காரர் கையிருப்புக்கும் சேர்த்துக் கேட்பார். மொத்த வியாபாரி அதற்கும் மேலே கேட்பார். சரக்கு வந்துசேரும் தாமதம் பதற்றத்தைக் கூட்டும். தொழிற்சாலையை எட்டும்போது சிற்றலை பேரலையாகிவிடும்.

பாம்பர்ஸ் அணையாடை விடயத்தில் புரொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனம் கண்டதும் இதுவே. குழந்தைகளின் தேவை சீரானது. விநியோகத்தர்களின் கொள்வனவுக் கட்டளைகளோ தாறுமாறாக ஏறி இறங்கின. 1997இல் ஹௌ லீயும் சகாக்களும் இதை ஆராய்ந்து, தத்தம் இடத்தில் எல்லோரும் அறிவோடு நடந்தாலும் இவ்விளைவு நேரும் எனக் காட்டினர். ஆகவே, கடையின் உண்மையான விற்பனைக் கணக்கைத் தொழிற்சாலை அறியச் செய்வதே முதல் மருந்து என்பேன். தண்டிக்க ஆள் தேடுவது அதற்குப் பிறகு.