மிளகும் கடுகும்: ஒரு நாயினத்தின் வரலாறு

பூனாகலை என்னும் பெயரைச் செவியுற்றவுடன் பூனையின் நினைவே முதலில் எழும். ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நாய். அதிலும், உலகில் அருகிவரும் ஒரு சிறு நாயினம். பூனாகலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பதுளை மாவட்டத்திலே, பண்டாரவளையிலிருந்து வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையிலே இருப்பது பூனாகலைத் தேயிலைத் தோட்டம். அதன் அயலிலேதான், சேர் தொமஸ் லிப்டன் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் குன்று இருக்கிறது. கிளாஸ்கோ நகரிற் பிறந்த லிப்டன் 1890ஆம் ஆண்டில் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். அவருக்கு முன்னரே, 1867ஆம் ஆண்டில், லூல்கந்துர தோட்டத்தில் வணிக முறையிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொத்லாந்தினரே. நம் மலைகளுக்கும் அந்நாட்டுக்கும் உள்ள உறவு இவ்வாறு நெடியது. அந்நாட்டின் தென் எல்லையிலே தோன்றிய ஒரு நாயின் கதையை இன்று கேட்போம்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர் இருவகை நாய்களை அறிவர். ஒன்று துரையின் பங்களா நாய். மற்றொன்று லயத்து நாய். பங்களா நாய்க்குப் பெயருண்டு, வேளைக்கு உணவுண்டு, குளிப்பாட்டி நடத்திச் செல்ல ஆளுண்டு. சில வேளைகளில் அதன் தாய் தந்தையர் பெயர் பொறித்த பத்திரமும் உண்டு. லயத்து நாய்க்கோ, வாசலும் மீந்த சோறுமே உடைமை. ஆயினும் இரவிலே காட்டுப்பன்றி மரக்கறிப் பாத்தியில் இறங்கினால் முதலிற் குரைப்பது அதுதான்.

வெளிநாட்டு நாய்கள் இலங்கைக்கு வந்த வரலாறு பழையது. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், மரை வேட்டைக்கென ஒரு நாய்க்கூட்டமே வைத்திருந்தார். 1904ஆம் ஆண்டில் சிவில் சேவை உத்தியோகத்தராய் வந்திறங்கிய லெனார்ட் வூல்ஃப், வோல்ட்டேரின் நூற்றொகுதிகளோடு சார்ள்ஸ் என்னும் பெயருடைய டெரியர் நாயொன்றையும் கொண்டுவந்தார். டெரியர் என்னும் சொல், நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நரி, நீர்நாய் முதலியவை பதுங்கிய வளைக்குள்ளே மண்ணைப் பறித்துக்கொண்டு நுழைந்து, அவற்றை வெளியேற்றுவதே இந்நாய்களின் தொழில். உருவஞ் சிறிது, நெஞ்சுரம் பெரிது.

டெரியர் இனங்கள் பல. அவற்றுள் நாம் பேசும் இனம், இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் கூடும் எல்லைப்புறத்து மேய்ச்சல் நிலங்களிலே வளர்ந்தது. நீண்ட முதுகு, குறுகிய கால்கள், தலையிலே பட்டுப்போன்ற மயிர்க்கொண்டை, ஆழ்ந்த கருங்கண்கள். எடை பத்துக் கிலோ அளவே. பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் அலன் என்னும் நாடோடி வாத்தியக்காரர் இவ்வகை நாய்களோடு நீர்நாய் வேட்டையாடி வந்தார். அவருடைய நாயொன்றுக்கு ஈடாக வாடகையில்லாப் பண்ணையொன்றையே தர ஒரு பிரபு முன்வந்ததாகவும், குழலூதும் தமக்குப் பண்ணை எதற்கு என்று அவர் மறுத்துவிட்டதாகவும் ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எவ்வாறாயினும், அந்நாயை அவர் விலைப்பொருளாக எண்ணவில்லை என்பதை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இவ்வினத்திற்குப் பெயர் வந்த விதம் வியப்பானது. 1815ஆம் ஆண்டில் சேர் வோல்ட்டர் ஸ்கொட் 'கை மானரிங்' என்னும் நாவலை வெளியிட்டார். அதில் வரும் குடியானவன் பெயர் டேண்டி டின்மொண்ட். அவனிடம் டெரியர்கள் பல. ஆனால் பெயர்கள் இரண்டே: மிளகு, கடுகு. கிழ மிளகு, கிழக் கடுகு, இள மிளகு, இளங் கடுகு என்று அடைமொழியால் வேறுபடுத்தி அழைப்பான். எல்லைப்புறத்து ஹிண்ட்லி என்னும் இடத்தில் வாழ்ந்த ஜேம்ஸ் டேவிட்சன் என்ற உண்மையான குடியானவரும் தம் நாய்களுக்கு இவ்விரு பெயர்களையே இட்டிருந்தார். நாவலைப் படித்தவர்கள் அவரையே டேண்டி டின்மொண்ட் என்று அழைக்கலாயினர். அவர் 1820ஆம் ஆண்டில் மறைந்தார். பெயர் நாய்க்கு நிலைத்துவிட்டது. கற்பனைப் பாத்திரம் ஒன்றின் பெயரைத் தாங்கும் நாயினம் இஃதொன்றே என்பர். இன்றளவும் இவ்வினத்தின் நிறங்கள் இரண்டாகவே வகுக்கப்படும்: சாம்பல் சாயலுடையது மிளகு, செம்மஞ்சட் சாயலுடையது கடுகு. நம் அடுக்களைச் சரக்கின் பெயர்கள் பனிபடரும் அந்நாட்டு நாய்க்கு வாய்த்தது ஒரு விந்தையே.

இனி, கண்காட்சியின் வரலாற்றைக் காண்போம். முறையாக நடைபெற்ற முதல் நாய்க் கண்காட்சி, 1859ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூகாசில் நகரிலே நிகழ்ந்தது என்பர். வேட்டைப் பறவை பதுங்கிய இடத்தைக் காட்டும் இருவகை நாய்களுக்கு மட்டுமே அன்று இடமிருந்தது, துப்பாக்கிகளே பரிசு. ஒருவகைக்கு நடுவராய் அமர்ந்தவரின் நாய் மற்றவகையிற் பரிசு பெற்றது என்றும், மற்றவகை நடுவரின் நாய்க்கும் அவ்வாறே வாய்த்தது என்றும் அறியும்போது நமக்குப் புன்முறுவல் தோன்றும். இத்தகைய குழப்பங்களை ஒழுங்குபடுத்தவே 1873ஆம் ஆண்டில் இலண்டனிலே நாய் வளர்ப்போர் கழகம் தோன்றியது. 1875ஆம் ஆண்டில் டேண்டி டின்மொண்ட் நாய்க்கென்றே செல்கர்க் நகரில் ஒரு சங்கம் அமைந்தது. தனியோர் இனத்துக்கென அமைந்த சங்கங்களுள் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று.

இச்சங்கங்கள் செய்த பணி என்ன? இனத்தின் இலக்கணத்தை எழுதி வைத்தன. தலை எவ்வாறு இருத்தல் வேண்டும், முதுகு எவ்வாறு வளைதல் வேண்டும், நடை எத்தகையது என்று வகுத்தன. நடுவர் ஒருவர் நாயை நாயோடு ஒப்பிடுகிறார் என்று நாம் நினைக்கிறோம். முறைப்படி அவர் ஒவ்வொரு நாயையும் அந்த எழுதப்பட்ட இலக்கணத்தோடு ஒப்பிட்டே தீர்ப்பளிக்க வேண்டும். இதனால் இனத்தின் உருவம் சிதையாமல் நின்றது. ஆனால் நன்மையோடு தீமையும் வந்தது. பரிசு பெற்ற கடுவன் ஒன்றையே பலரும் நாடினர். சில தலைமுறைக்குள், எங்கோ பிறந்த கடுவனும் வேறெங்கோ பிறந்த பெட்டையும் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளாய் முடிந்தன.

இதன் ஆபத்தை மலைநாட்டவர்க்கு விளக்குதல் எளிது. 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய், மலைமலையாய்ப் பரந்திருந்த கோப்பியை அழித்தது. எங்கு நோக்கினும் ஒரே பயிர், அதிலும் நோயைத் தாங்கும் வேற்றுமை மிகக் குறைந்த பயிர். ஒரு செடியைக் கொன்ற நோய் அடுத்ததையும் கொன்றது. நாயினத்துக்கும் இவ்விதியே. நெருங்கிய உறவுக்குள்ளே இணைத்துக்கொண்டே போனால், ஒன்றிலே மறைந்திருந்த குறை மற்றொன்றிலே மறைந்திருந்த அதே குறையோடு கூடி, குட்டியிலே வெளிப்படும். எண்ணிக்கை குறையக் குறைய, உறவில்லாத துணையைத் தேடுவதும் அரிதாகும்.

டேண்டி டின்மொண்ட் இனத்துக்கு நேர்ந்ததும் இதுவே. உலகப்போர்க் காலத்துப் பஞ்சத்தில் நாய் வளர்ப்புச் சுருங்கியது. பின்னர் நாகரிகம் வேறு இனங்களை நாடியது. இங்கிலாந்திலே 1978ஆம் ஆண்டில் நீர்நாய் சட்டத்தின் காப்பைப் பெற்றது. அது வேண்டிய சட்டமே. ஆனால் பழைய தொழிலும் அத்தோடு முடிந்தது. இன்று ஆண்டொன்றுக்கு 300 குட்டிகளுக்கும் குறைவாகவே பிரித்தானியாவிற் பதிவாகும் உள்நாட்டு இனங்களைக் கழகம் நலிந்த இனங்கள் எனத் தனியே பட்டியலிடுகிறது. அப்பட்டியலிலே இந்நாய்க்கும் இடமுண்டு.

இத்தகைய இனத்தைக் காப்போரின் பணி பொறுமை மிக்கது. பெட்டையின் வமிசத்தைப் பல தலைமுறை பின்னோக்கி ஆராய்ந்து, தக்க கடுவனைத் தேடுவர். சில வேளை கடல்கடந்தும் தேடுவர். கருவுற்று ஏறத்தாழ 63 நாட்களில் பெட்டை ஈனும். பத்து முதல் பதினான்கு நாட்களிற் குட்டிகள் கண் திறக்கும். எட்டு வாரம் வரை தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். கடிக்கும் அளவையும், விளையாட்டின் எல்லையையும் அவை கற்பது அப்பருவத்திலேதான். அதன்பின் வருவது மிகக் கடினமான கேள்வி: குட்டியை யார் கையிற் கொடுப்பது? நல்ல வளர்ப்பாளர் வாங்க வருவோரிடம் பணத்தை எண்ணுமுன் வீட்டைப் பற்றிக் கேட்பார். வளர்க்க இயலாத நிலை வந்தால் குட்டியைத் தம்மிடமே திருப்பித் தருமாறு உறுதி பெறுவார். எந்தக் குட்டியை இனப்பெருக்கத்துக்கு வைப்பது, எதனை வீட்டுத் துணையாக மட்டும் அனுப்புவது என்று முடிவு செய்வதும் அவர் பொறுப்பே. கண்காட்சியில் வெற்றி ஒருநாளைக்கு. குட்டி சேர்ந்த வீடோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு.

இவ்வுண்மையை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். மலையகத் தமிழரிற் பலருடைய மூதாதையர் புறப்பட்டு வந்த தென்தமிழகத்துக் கரிசல் நாட்டிலே, கன்னி என்னும் வேட்டைநாய் உண்டு. அதன் குட்டியை விலைக்கு விற்பதில்லை, மணமகளுக்குச் சீராகவும் அன்பளிப்பாகவுமே கொடுப்பர் என்பது அப்பக்கத்து வழக்கு. கொடுப்பவரும் கொள்பவரும் உறவினராகையால், குட்டி எங்கே வளர்கிறது என்பதை அனைவரும் அறிவர். பத்திரத்தின் வேலையை உறவே செய்தது. கண்ணுக்கு இனிய உருவத்தை மட்டும் நாடினால் என்ன நேரும் என்பதற்கும் அங்கே சான்றுண்டு. இராசபாளையம் நாயின் தூய வெண்மையைப் பெரிதாக மதித்ததன் விளைவாக, அவ்வினத்திற் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதைக் காண்கிறோம். நிறத்தை உண்டாக்கும் உயிரணுக்கள் உட்செவியின் வளர்ச்சிக்கும் வேண்டியவை என்பதே காரணம். இவ்வினங்களைக் காக்கும் பொருட்டுத் தமிழக அரசு சென்னைச் சைதாப்பேட்டையிலே நாய் வளர்ப்பு நிலையமொன்றை அமைத்தது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் முத்திரைகளுள் இராசபாளையமும் ஒன்று.

நேயர்களே, வமிசப் பத்திரத்தைப் பற்றிப் பேசும்போது, ஊவா மலைகளிலே வாழ்ந்தோர்க்கு வேறொரு நினைவும் எழும். மனிதரை விலங்கோடு வைத்துப் பேசுதல் முறையன்று. நாம் ஒப்பிட வருவது பத்திரத்தின் வன்மையை மட்டுமே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்நாட்டிலே பிறந்த ஒருவனையும் நோக்கி, உன் தந்தை இங்கே பிறந்தவரா, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவரா, சான்று காட்டு என்றது. லயத்திலே பிறந்து, தேயிலையின் அடியிலே புதைந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? பல இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் குடும்பங்கள் பிரிந்து கடல் கடந்தன. 2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கியது. அதே மலையிலே, பங்களா நாயின் பாட்டன் பெயர் பத்திரத்தில் இருந்தது. கொழுந்து பறித்தவரின் பாட்டன் பெயர் எங்கும் இல்லை. எழுதி வைக்கப்படுவது எது, எழுதாது விடப்படுவது எது என்பதைத் தீர்மானிப்பது தகுதியன்று, அதிகாரமே என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துவது யாது?

ஆகவே பத்திரம் பயனற்றது என்பது நம் கருத்தன்று. அருகிய இனத்தைக் காக்க அது இன்றியமையாதது. உறவு முறையை அறியாமல் நல்ல துணையைத் தேட முடியாது. ஆனால் பத்திரம் நினைவுக்குத் துணையாக வேண்டுமேயன்றி, மதிப்புக்கு அளவாகிவிடக் கூடாது. மிளகும் கடுகும் இருநூறு ஆண்டு கடந்து இன்றும் எங்கோ சில வீடுகளில் வாலாட்டுகின்றன என்றால், அது பரிசுக் கிண்ணங்களால் மட்டும் நேர்ந்ததன்று. குட்டியைக் கையிலே கொடுக்குமுன் ஒருகணம் தயங்கி, வாங்குபவரின் முகத்தைப் பார்த்த சிலராலே நேர்ந்தது.

இன்று மாலை உங்கள் லயத்து வாசலிலே, பெயரும் பத்திரமும் இல்லாத பெட்டையொன்று குட்டி ஈன்று படுத்திருக்கக்கூடும். அதன் குட்டிகளைக் கோணியிலே கட்டித் தொலைவிற் கொண்டுபோய் விடாதீர்கள். எட்டு வாரம் பொறுத்திருங்கள். விசர்நோய்த் தடுப்பூசி போடுவியுங்கள். நன்றாக வளர்ப்பார் என்று நீங்கள் நம்பும் ஒருவரைத் தேடிக் கொடுங்கள். பெயர் ஒன்றும் தோன்றாவிட்டால், மிளகு என்றோ கடுகு என்றோ இடுங்கள்.