பிரசவ அறைக்குள் ஒரு பந்து உருண்டு வந்த கதை



உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு மூலையில் கிடக்குமே, முழங்காலுக்கு மேல் உயரமுள்ள பெரிய பந்து... அதில் கர்ப்பிணிகள் உட்கார்ந்து இடுப்பை மெல்ல அசைப்பதை இப்போது மகப்பேறு வகுப்புகளில் பார்க்கலாம். ஏதோ புது ஃபேஷன் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். விஷயம் அப்படி இல்லை. பந்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கட்டிலைப் பற்றிப் பேச வேண்டும்.

மனித வரலாற்றில் பெரும்பகுதி பெண்கள் படுத்துக்கொண்டு பிள்ளை பெறவில்லை. எகிப்தில் அபிடோஸ் என்ற இடத்தில் 2001ல் தொல்லியலாளர்கள் ஒரு பச்சைச் செங்கல்லைக் கண்டெடுத்தார்கள். வயது சுமார் 3700 ஆண்டுகள். அதன் மேல் தாயும் பச்சிளங் குழந்தையும் வண்ணத்தில் வரையப்பட்டிருந்தன. பிரசவிக்கும் பெண் இப்படிப்பட்ட செங்கற்களின் மேல் கால் வைத்துக் குந்தி உட்காருவாள். பிறகு கிரேக்க மருத்துவர் சொரானஸ், நடுவில் பிறை வடிவத்தில் திறப்பு வைத்த பிரசவ நாற்காலியை விவரித்து எழுதினார். 1513ல் ஜெர்மனியில் யூக்காரியஸ் ரோஸ்லின் மருத்துவச்சிகளுக்காக அச்சிட்ட புத்தகத்திலும் அந்த நாற்காலியின் படம் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் தாண்டியும் நாற்காலி மாறவே இல்லை பாருங்கள்!

மாற்றம் பிரான்சில் வந்தது. 1668ல் பிரான்சுவா மோரிசோ என்ற மருத்துவர், பிரசவத்துக்குக் கட்டிலே நல்லது என்று எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, பிள்ளை பிறந்த பிறகு தாயைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போடுகிற வேலை மிச்சம் என்பது. இத்தனைக்கும் அவர் சாதாரண ஆள் இல்லை, அந்தத் துறையின் பெரிய அறிஞர். அதே நூற்றாண்டில்தான் ஆயுதமும் வந்தது (நம் ஊரில் "ஆயுதம் போட்டு எடுத்தாங்க" என்பார்களே, அதேதான்). ஆயுதம் போட மருத்துவருக்கு வசதியான நிலை, பெண் மல்லாந்து படுப்பது. நாற்காலி மெல்ல மெல்ல மறைந்தது.

1906 வாக்கில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் க்ரோனிக், காஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் மார்ஃபினோடு ஸ்கோபொலமின் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிற முறையைப் பரப்பினார்கள். வலி முழுசாகப் போகாது, ஆனால் வலித்தது ஞாபகத்தில் நிற்காது. பெண் சுயநினைவில்லாமல் திமிறுவாள் என்பதால் பல இடங்களில் கட்டிலோடு கட்டிப் போட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 1914ல் அமெரிக்காவில் இந்த முறை வேண்டும் என்று போராடியவர்களே பெண்கள்தான். வலியோடு தனியாகக் கிடப்பதைவிட மறதி மேல் என்று அவர்கள் நினைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

மருத்துவமனையே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ரத்தப்போக்கிலும் காய்ச்சலிலும் செத்துக்கொண்டிருந்த தாய்மார்களை நவீன மருத்துவம்தான் காப்பாற்றியது. நான் கேட்பது, உயிரைக் காப்பாற்ற வந்த இடத்தில் அசையக் கூடாது என்ற விதி எப்படிக் கூடவே நுழைந்தது என்பதைத்தான். மாசம் ஏறிய கர்ப்பிணி மல்லாந்து படுத்தால், கர்ப்பப்பையின் கனம் இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய நாளத்தை அழுத்தும். சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வால் எலும்புக்கும் பின்னால் நகர இடம் இருக்காது.

சரி, பந்துக்கு வருவோம். 1963ல் இத்தாலியில் பிளாஸ்டிக் பொருட்கள் செய்துவந்த அக்விலினோ கோசானி என்பவர் பெரிய காற்றுப் பந்து ஒன்றைத் தயாரித்தார். அதைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வேலை செய்த ஆங்கிலேய பிசியோதெரபிஸ்ட் மேரி குவின்டன் எடுத்துக்கொண்டார். பிரசவத்துக்கு இல்லை! மூளை வாதம் பாதித்த குழந்தைகளுக்கு. குழந்தையைப் பந்தின் மேல் குப்புறப் படுக்கவைத்து மெதுவாக உருட்டினால் அது தானாகத் தலையைத் தூக்கும், சமநிலை தேடும். பாசலில் சூசன் க்ளைன் ஃபோகல்பாக் இதையே பெரியவர்களுக்குக் கொண்டு போனார். அங்கே கற்றுக்கொண்ட அமெரிக்க பிசியோதெரபிஸ்டுகள் ஊர் திரும்பி "சுவிஸ் பந்து" என்று பெயர் வைத்தார்கள். செய்தது இத்தாலி, பெயர் சுவிஸுக்கு. பாவம் கோசானி :-)

இதற்கிடையே பிரசவ அறையில் சண்டை தொடங்கியிருந்தது. 1982ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை குந்தியும் மண்டியிட்டும் பிரசவிப்பதைத் தடுத்தபோது, ஜேனட் பலாஸ்காஸ் கூட்டிய பேரணியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். விரும்பிய நிலையில் பிள்ளை பெறும் உரிமைக்கு ஊர்வலம் போக வேண்டியிருந்தது, அதுவும் இருபதாம் நூற்றாண்டு லண்டனில்! இந்த எண்ணம் பரவிய காலத்தில்தான் பாலினா பெரெஸ் போன்ற அமெரிக்கப் பிரசவத் துணைகள் பிசியோதெரபி அறையிலிருந்த பந்தைப் பிரசவ அறைக்கு உருட்டி வந்தார்கள். அதாவது, பறிபோன முக்காலி காற்றடைத்த உருவத்தில் திரும்பி வந்தது.

பந்து உண்மையில் என்ன செய்யும்? உட்கார்ந்தால் இடுப்பை வட்டமாகவும் முன்னும் பின்னும் ஆட்டலாம். தரையில் மண்டியிட்டுப் பந்தின் மேல் கவிழ்ந்தால் முதுகுவலி குறையும், துணைக்கு இருப்பவர் முதுகைத் தேய்த்துவிடவும் வசதி. பிரசவ வலி ஓரளவு தணிவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. 2013ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில், பிரசவத்தின் முதல் கட்டத்தில் நிமிர்ந்தோ நடந்தோ இருந்தவர்களுக்கு அந்தக் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைந்தது. இது நடை, உட்காருதல், மண்டியிடுதல் எல்லாம் சேர்ந்த கணக்கு, பந்துக்கு மட்டும் உரியதல்ல. 2018ல் உலக சுகாதார நிறுவனமும் சிக்கலில்லாத கர்ப்பிணிகள் பிரசவ நேரத்தில் நடமாடவும் நிமிர்ந்திருக்கவும் ஊக்கப்படுத்தச் சொன்னது. பந்தில் குதித்தால் வலி உடனே வந்துவிடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்.

வீட்டில் பயன்படுத்துகிறவர்கள் உயரத்துக்கு ஏற்ப 55, 65, 75 செ.மீ. பந்துகளில் ஒன்றை எடுக்கலாம். உட்காரும்போது பாதம் தரையில் முழுசாகப் படிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். ஓட்டை விழுந்தால் பட்டென்று வெடிக்காமல் மெதுவாகக் காற்று இறங்குகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்காரவே கூடாது, பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது போன்ற சிக்கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

முதுகுத் தண்டில் மரப்பு ஊசி போட்டவர்களால் பந்தில் உட்கார முடியாது. அவர்களுக்கு வேர்க்கடலைத் தோடு மாதிரி நடுவில் ஒடுங்கிய ஒரு பந்து வந்திருக்கிறது. ஒருக்களித்துப் படுத்து இரண்டு கால்களுக்கும் நடுவில் அதை வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கட்டிலில்தான் இருக்கிறார்கள், ஆனால் மல்லாந்து இல்லை.