கிழக்கிடம் யாரும் கேட்கவில்லை

டெல்லி சாணக்கியபுரியில் இருக்கிறது அசோகா ஹோட்டல். 1987 ஜூலை கடைசி வாரத்தில், ஆயுதக் காவலுக்கு நடுவே விடுதலைப் புலிகளின் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரன் அங்கே தங்கவைக்கப்பட்டிருந்தார். இலங்கையுடன் இந்தியா செய்துகொள்ளவிருந்த உடன்பாட்டை அவர் ஏற்கவில்லை. கிழக்கு மாகாணத்தில் வாக்கெடுப்பு நடத்துவது என்ற பிரிவு அவருடைய மறுப்புக்கான காரணங்களில் ஒன்று. அவருடைய சம்மதத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. ஜூலை 29 அன்று கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர்.ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது சிங்களக் கடற்படைச் சிப்பாய் ஒருவர் ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார். உடன்பாட்டைத் தமிழ்ப் புலிகளும் விரும்பவில்லை, சிங்களத் தேசியவாதிகளும் விரும்பவில்லை.

அந்த உடன்பாடு சொன்னது இது. வடக்கு, கிழக்கு மாகாணங்கள் தற்காலிகமாக ஒரே நிர்வாக அலகாக இணையும். ஒரே ஆளுநர், ஒரே முதலமைச்சர். 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கு மக்களிடம் மட்டும் வாக்கெடுப்பு நடக்கும்: வடக்குடன் சேர்ந்திருப்பதா, தனியே பிரிவதா? சாதாரணப் பெரும்பான்மை போதும். இடம்பெயர்ந்தவர்களுக்கும் வாக்குரிமை உண்டு. இத்தனைக்கும் அடுத்து ஒரு சிறு வாசல்: ஜனாதிபதி விரும்பினால் வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கலாம்.

அடுத்தடுத்து வந்த ஜனாதிபதிகள் அந்த வாசல் வழியாகவே நுழைந்து வெளியேறினார்கள். வாக்கெடுப்பு ஒருமுறைகூட நடக்கவில்லை.

ஏன் என்பதற்குக் கிழக்கின் மக்கள்தொகையைப் பார்க்க வேண்டும். 1981 கணக்கெடுப்பில் அங்கே தமிழர் சுமார் 42 சதவீதம், முஸ்லிம்கள் 32, சிங்களவர் 25. யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. ஆனால் இந்த விகிதம் தானாக அமைந்ததல்ல. 1881இல் கிழக்கில் சிங்களவர் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. சுதந்திரத்துக்குப் பின் டி.எஸ்.சேனநாயக்கவின் அரசு கல்லோயாவில் பெரும் நீர்த்தேக்கம் கட்டி, அதன் கீழே குடியேற்றங்களை அமைத்தது. திருகோணமலைப் பக்கத்தில் கந்தளாய், அல்லைத் திட்டங்களிலும் குடியேற்றம் நடந்தது. 1956 ஜூனில், சிங்களம் மட்டும் சட்டம் வந்த கையோடு, கல்லோயாவில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. பாசனத் திட்டம் வயலுக்கு நீர் கொண்டுவந்தது. கூடவே வாக்காளர் பட்டியலின் கணக்கையும் மாற்றியது.

ஆகவே வாக்கெடுப்பு நடந்தால் முடிவு முஸ்லிம்களின் கையில். அவர்களோ அதற்குள் தனி அரசியலுக்கு நகரத் தொடங்கியிருந்தார்கள். எம்.எச்.எம்.அஷ்ரப் 1981இல் காத்தான்குடியில் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ், 1988 நவம்பரில் நடந்த வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் 17 இடங்களைப் பிடித்தது. புலிகள் புறக்கணித்த அத்தேர்தலில் வென்ற இன்னொரு தமிழ் இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப்பின் வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். உடன்பாட்டின்படி வந்த இந்திய அமைதிப்படையின் நிழலில் நடந்த அந்த ஆட்சி, 1990 மார்ச்சில் படை கிளம்பியதோடு முடிந்தது. ஜனாதிபதி பிரேமதாச சபையைக் கலைத்தார். அதன்பின் 16 ஆண்டுகள், திருகோணமலையிலிருந்து ஆளுநர்தான் இணைந்த மாகாணத்தை நடத்தினார்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனைப் பாதையில் போனால் ஊர்கள் மாறி மாறி வரும். பெரியநீலாவணை தமிழர் ஊர், அடுத்து மருதமுனை முஸ்லிம் ஊர். பாண்டிருப்பு தமிழர், சாய்ந்தமருது முஸ்லிம். காரைதீவு தமிழர், நிந்தவூர் முஸ்லிம். தாய்வழிக் குடிமுறையும், கல்யாணமான மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் வாழும் வழக்கமும் இரு சமூகத்துக்கும் பொது. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல இருந்தோம் என்று அந்தப் பகுதிக்காரர்கள் சொல்வது இந்த வாழ்க்கையைத்தான். 1990 ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சில நாட்களில் ஏறாவூர். அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு கிழக்கில் தமிழர்கள் இராணுவத்தாலும் ஊர்காவல் படையினராலும் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டார்கள்.

இதற்குப்பின் வாக்கெடுப்பு என்ற கேள்வியைத் தொட எவருக்கும் மனமில்லை. தமிழ்க் கட்சிகளுக்குத் தோற்றுவிடுவோம் என்ற பயம். நடக்காதவரை இணைப்பு நீடிக்கும். கொழும்புக்கு, நடத்தினால் சிக்கல், நடத்தாமல் வைத்திருந்தால் பேச்சுவார்த்தையில் ஒரு துருப்புச் சீட்டு. முஸ்லிம் தலைமைக்கு, முடிவாகாத கிழக்கே பேரம் பேசும் பலத்தைத் தந்தது. புலிகளுக்கோ மாகாண சபை என்ற ஏற்பாடே வேண்டாம். நான்கு தரப்பும் எதிரெதிர் காரணங்களுக்காக ஒரே பக்கம் நின்றன.

மேற்கு சஹாராவின் கதை இதற்கு வெகு அருகில் நிற்கிறது. மொராக்கோவுக்கும் விடுதலை இயக்கமான பொலிசாரியோவுக்கும் போர் நின்ற 1991இல் ஐ.நா. ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. 1992 ஜனவரியில் மக்கள் வாக்களித்து முடிவு செய்வதாகத் திட்டம். யார் வாக்காளர் என்ற சண்டையில் அந்த நாள் வரவே இல்லை. அங்கே குடியேறியவர்களைப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் முட்டுக்கட்டை.

இலங்கையில் முடிச்சை அறுத்தது நீதிமன்றம். இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யின் ஆதரவுடன் தொடரப்பட்ட வழக்கில், தலைமை நீதிபதி சரத் என்.சில்வா தலைமையிலான உச்ச நீதிமன்றம் 2006 அக்டோபர் 16 அன்று இணைப்பு செல்லாது என்றது. ஆயுதக் குழுக்களின் ஆயுத ஒப்படைப்பு முடிந்த பின்னரே மாகாணங்களை இணைக்கலாம் என்று சட்டம் சொல்ல, ஜெயவர்த்தன 1988இல் அவசரகால விதியைக் கொண்டு அந்த நிபந்தனையை மாற்றியிருந்தார். அது அதிகாரமீறல் என்பது தீர்ப்பின் சாரம். 2007 ஜனவரி 1 முதல் இரண்டும் தனித்தனி மாகாணங்கள். வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுக்க வேண்டிய விஷயம், வாக்குப்பெட்டியைத் திறக்காமலே முடிந்துபோனது.

2008 மே 10 அன்று கிழக்கில் தேர்தல் நடந்தது. 2004இல் புலிகளிடமிருந்து பிரிந்த கருணா அணியில் உருவான தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி, ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் கூட்டணியில் போட்டியிட்டது. அந்தக் கூட்டணியில் சேர்ந்திருந்த முஸ்லிம் தலைவர் ஹிஸ்புல்லாவும் முதலமைச்சர் பதவி கேட்டார். பதவி பிள்ளையான் எனப்படும் சிவநேசதுரை சந்திரகாந்தனுக்குப் போனது. ஒரே கூட்டணிக்குள் தமிழர் முதலமைச்சரா முஸ்லிம் முதலமைச்சரா என்ற போட்டி; பதவியைக் கொடுக்கும் கை கொழும்பில். 2012 மாகாணத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 11 இடங்களும் முஸ்லிம் காங்கிரஸ் 7 இடங்களும் பெற்றன. முதலமைச்சர் பதவியையே தருகிறோம் என்று கூட்டமைப்பு அழைத்தும் காங்கிரஸ் அரசாங்கத்தின் பக்கம் போனது. 2015இல் கொழும்பில் ஆட்சி மாறியதும்தான் இரு கட்சிகளும் சேர்ந்து ஒரு மாகாண அமைச்சரவையில் அமர்ந்தன. மத்தியில் காற்று திரும்பாதவரை கிழக்கில் கூட்டணி சாத்தியமில்லை என்பது இதில் வெளிப்படை.

கல்முனை இதைச் சிறு அளவில் காட்டுகிறது. அங்கே தமிழர்களுக்கென இயங்கும் உப பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுள்ளதாக்க வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை. முஸ்லிம் தலைவர்கள் எதிர்ப்பு. 2019 ஏப்ரல் 21 அன்று இஸ்லாமியத் தீவிரவாதிகள் நடத்திய குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம்கள் மீது நாடு முழுக்கச் சந்தேகம் படிந்திருந்த ஜூன் மாதத்தில், இந்தக் கோரிக்கைக்காக உண்ணாவிரதம் தொடங்கியது. முன்னால் உட்கார்ந்தவர்களில் கல்முனை விகாரையின் பௌத்த பிக்குவும் ஒருவர். சிங்கள பௌத்தத் தேசியவாத அமைப்பான பொது பல சேனாவின் ஞானசார தேரரும் அங்கே வந்து ஆதரவு தெரிவித்தார். காலம் காலமாகத் தமிழர் கோரிக்கைகளை எதிர்த்தவர்கள் ஒரு தமிழ்ச் செயலகத்துக்காகப் பேசினார்கள், அது முஸ்லிம்களைக் குத்துவதாக இருந்தவரை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி உள்ளாட்சி என்று வர்த்தமானி அறிவிப்பு வந்து, சில நாட்களில் நிறுத்தப்பட்டது. அது முஸ்லிம் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவே இருந்த சண்டை.

2020 ஜூன் மாதத்தில் ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ச கிழக்கின் தொல்லியல் மரபைக் காக்க ஒரு செயலணி அமைத்தார். தலைவர், பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன. மூவின மாகாணத்துக்கான அக்குழுவின் முதல் பட்டியலில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. 2012 கணக்கெடுப்பின்படி அங்கே தமிழர் சுமார் 40 சதவீதம், முஸ்லிம்கள் 37, சிங்களவர் 23.

கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டம்பரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றும் சட்டம் அதே மாதம் வந்தது. புதிய முறைக்கான தொகுதி எல்லை அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. அதைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். மாகாணத் தேர்தல் முடங்கியது. 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில், இணைப்பை எதிர்த்த வழக்குக்குத் துணைநின்ற ஜே.வி.பி.யின் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி திருகோணமலை, அம்பாறை மாவட்டங்களில் முதலிடம் பெற்றது. மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சி. மாகாண, உள்ளாட்சித் தேர்தல்களை ஓராண்டுக்குள் நடத்துவதாக தேசிய மக்கள் சக்தியின் தேர்தல் அறிக்கை சொல்லியிருந்தது. உள்ளாட்சித் தேர்தல் 2025 மே 6 அன்று நடந்தது. மாகாண சபைத் தேர்தல் அந்த ஆண்டு நடக்கவில்லை. கிழக்கை ஆளுநர்தான் நிர்வகித்தார்.