செப்புத் தவலையும் மெக்னீசியத் தண்டும்

தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானம் கடற்கரையற்ற ராஜ்யம். 1974 ஜனவரி 14-இல் மாவட்டம் உருவானபோதுதான், தஞ்சை ஜில்லாவிலிருந்து வந்த பகுதிகளோடு கோட்டைப்பட்டினம், மணமேல்குடி முதலிய பாக் ஜலசந்திக் கரையூர்களும், அவற்றின் உப்புக் காற்றும் உவர்நீரும் அதனைச் சேர்ந்தன.

பழைய இல்லங்களில் எண்ணெய் ஸ்நானத்துக்கு வெந்நீர் தந்த செப்புத் தவலை, வாய் திறந்த பாத்திரமாகையால், உள்ளே படிந்த உப்பைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கக் கைக்கு எட்டியது. மின்சாரத்தோடு வந்த கீஸரோ மூடிய கலம். அதனுள் சுண்ணாம்புப் படிவு சூடேற்றும் கம்பியைப் போர்த்தி மின்சாரத்தை விரயமாக்க, உவர்நீரின் குளோரைடு எஃகை அரிக்கிறது.

இவ்வரிப்புக்குப் பரிகாரம் கப்பல்களிலிருந்து வந்தது. 1824-இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கப்பல்களின் அடிப்பாகத்தைப் போர்த்திய செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ பிணைத்தால், அவை தாம் கரைந்து செம்பைக் காக்கும் என்று நிரூபித்தார். கண்ணாடிப் பூச்சிட்ட எஃகுக் கலத்தினுள் பொருத்தப்படும் மெக்னீசியத் தண்டு அதே தத்துவத்தின் வாரிசு.

ஆகவே கரையூரில் கீஸர் வாங்குவோர், விலையை விசாரிக்குமுன், உட்பூச்சு யாது, தண்டை எளிதில் மாற்றலாகுமா என்று விசாரிப்பதும், ஆண்டுதோறும் தண்டைப் பரிசோதித்துப் படிவைக் கழுவி வெளியேற்றுவிப்பதும் விவேகமாகும்.